பாபிகியூ தெர்மோமீற்றர் பிழையாகக் காட்டுகிறதா? மலையகத்துக்கான சரிபார்ப்பு வழி

ஏப்ரல் சீசன் வந்துவிட்டால் நுவரெலியாப் பக்கம் பங்களா, ஹோம்ஸ்டே, கெஸ்ட் ஹவுஸ் எதுவானாலும் முற்றத்தில் ஒரு பாபிகியூ அடுப்பு புகைந்துகொண்டிருக்கும். கூடவே எனக்குத் தெர்மோமீற்றர் முறைப்பாடுகளும் வரத் தொடங்கிவிடும். பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன்: பாதிக்கு மேல் கருவியில் ஒரு குறையும் இருக்காது. ஊசி குத்திய இடம் பிழை, இல்லாவிட்டால் நாம் நிற்கிற உயரம் செய்கிற வேலை. ஆகவே புதிது வாங்க ஓடுவதற்கு முன் உங்கள் அறிகுறியைக் கீழே தேடிப் பிடியுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், காசு போகிற காரணம் கடைசியில்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் ஐஸ் சோதனை

உயரமான கிளாஸ் ஒன்றில் உடைத்த ஐஸை விளிம்பு வரை நிரப்புங்கள். இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். ஐஸ் மேலே மிதந்து, அடியில் வெறும் தண்ணீர் நின்றால் தண்ணீர் கூடிவிட்டது. வடித்துவிட்டு இன்னும் ஐஸ் போடுங்கள். நன்றாகக் கலக்கி இரண்டு மூன்று நிமிடம் விட்டு, ஊசியை நடுவில் இறக்குங்கள். கிளாஸின் அடியிலோ பக்கத்திலோ ஊசி முட்டக்கூடாது. 0 பாகை செல்சியஸ் காட்ட வேண்டும். ஒரு பாகை முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை.

மீன்கடை ஐஸ் வேண்டாம். அதில் உப்பு பட்டிருந்தால் 0 பாகைக்கும் கீழே இறங்கிவிடும், நல்ல மீற்றரைக் கெட்டது என்று ஒதுக்கிவிடுவீர்கள். வீட்டு பிரிட்ஜில் உறைந்த ஐஸ் போதும்.

0 காட்டினால்: கருவி நல்லது. உங்கள் பிரச்சினை கீழே வேறெங்கோ இருக்கிறது.

இரண்டு மூன்று பாகை விலகினால்: வட்ட முகம் உள்ள முள் மீற்றர் என்றால், முகத்துக்குப் பின்னால் ஊசி தொடங்கும் இடத்தில் ஒரு ஆறுபக்க நட் இருக்கும். ஊசி ஐஸுக்குள் இருக்கும்போதே நட்டைச் சின்ன ஸ்பேனரால் அல்லது குறட்டால் பிடித்துக்கொண்டு, முகத்தை மெல்லத் திருப்பி முள்ளை 0க்குக் கொண்டுவாருங்கள். டிஜிட்டலில் சிலவற்றுக்குச் சரிசெய்யும் பொத்தான் உண்டு. இல்லையென்றால் எவ்வளவு விலகுகிறது என்று ஒரு துண்டு டேப்பில் எழுதிப் பின்னால் ஒட்டிவிடுங்கள். அதைக் கூட்டியோ கழித்தோ படித்தால் போதும்.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வந்தால்: அதைத் திருத்த முடியாது. தூக்கிப் போட்டுவிடுங்கள்.

## அறிகுறி: கொதிக்கிற தண்ணீரில் 100 காட்டவில்லை

அதிகம் வருகிற அழைப்பு இதுதான். "அண்ணே, புது மீற்றருங்க, கொதிக்கிற தண்ணியில போட்டா 94தான் வருது, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்பார்கள். நுவரெலியாவிலிருந்து பேசினால் நான் சொல்கிற பதில்: மீற்றர் அருமையாக வேலை செய்கிறது, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் 100 பாகையில் கொதிப்பது கடல் மட்டத்தில். மேலே ஏற ஏற, ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் குறைந்துகொண்டே வரும். கொழும்பில் எழுதப்பட்ட கையேடும் வெளிநாட்டு வீடியோவும் நம் உயரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. பருப்பு வேக இங்கே நேரமாவது எல்லா வீட்டிலும் தெரிந்த கதை. அதே கதைதான் இது.

உங்கள் ஊரில் கொதிநீர் காட்ட வேண்டியது ஏறத்தாழ இவ்வளவு:

- கண்டி (சுமார் 500 மீற்றர்), பதுளை (சுமார் 680 மீற்றர்): 98
- பண்டாரவளை, ஹட்டன் (1,200 மீற்றருக்குச் சற்று மேல்): 96
- ஹப்புத்தளை (சுமார் 1,430 மீற்றர்): 95
- நுவரெலியா (1,868 மீற்றர்): 94

தோட்டம் நகரத்துக்கு மேலே இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

உங்கள் ஊர்க் கணக்குக்கு ஒரு பாகை இப்படி அப்படி: சரி, விட்டுவிடுங்கள். அதை 100க்குத் திருப்பிவைக்காதீர்கள். திருப்பிவைத்தால் அன்றிலிருந்து எல்லா இறைச்சியும் ஆறு பாகை கூடக் காட்டும். 74 என்று இறக்கிய கோழி உண்மையில் 68இல் நிற்கும். யாரோ ஒருவர் ஏற்கெனவே அப்படித் திருப்பிவைத்த மீற்றர்கள் கெஸ்ட் ஹவுஸ் சமையலறைகளில் எனக்கு அடிக்கடி அகப்படுகின்றன.

கணக்குக்கு நான்கைந்து பாகை குறைவு: தண்ணீர் உண்மையிலேயே தளதளவென்று கொதிக்கிறதா பாருங்கள். கேத்தல் அணைந்த பிறகு கோப்பையில் ஊற்றி அளந்தால் எண் கீழேதான் இருக்கும். அடுப்பில் வைத்தபடியே, சட்டியின் அடியில் முட்டாமல் அளவுங்கள்.

அப்படியும் குறைவு: ஐஸ் சோதனைக்குத் திரும்புங்கள். ஐஸில் 0, கொதிநீரில் மட்டும் விலகல் என்றால் கருவி மேல்பக்கம், அதாவது சூடு கூடிய எண்களில், சறுக்குகிறது. இறைச்சிக்கு நமக்கு வேண்டியது மேல்பக்கம்தான், எனவே மாற்றத்தான் வேண்டும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக்கூடாது. கொதிநிலை மாறுகிறதே தவிர, இறைச்சிக்குத் தேவையான வெப்பம் மாறாது. கோழி கொழும்பிலும் 74, நுவரெலியாவிலும் 74. அரைத்த இறைச்சி 71. ஆட்டிறைச்சி, பன்றியிறைச்சி முழுத்துண்டாக இருந்தால் 63 வரை வந்து, இறக்கிய பின் மூன்று நிமிடமாவது ஆற வேண்டும்.

## அறிகுறி: ஒரே கோழியில் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வோர் எண்

இது பிழையே இல்லை. கோழி எல்லா இடத்திலும் ஒரே சூட்டில் இருக்காது. நமக்கு வேண்டியது குளிர்ந்த இடத்தின் எண்.

எலும்பைத் தொட்டுவிட்டதா? எலும்பில் முட்டினால் வருகிற எண் இறைச்சியுடையது அல்ல. ஊசி இறங்கும்போது 'டொக்' என்று ஒரு தடை கையில் தெரியும். தெரிந்தால் அரை அங்குலம் இழுத்து வேறு சாய்வில் குத்துங்கள்.

சரியான இடமா? முழுக் கோழியில் தொடையும் உடம்பும் சேருகிற உட்பக்கம்தான் கடைசியாக வேகும். நெஞ்சுப் பகுதியில் மிகவும் தடித்த இடத்தையும் பாருங்கள். இரண்டும் 74 தாண்டினால்தான் இறக்க வேண்டும். ஆட்டுத் தொடை என்றால் எலும்புக்கும் மேல்தோலுக்கும் நடுவில் சதை தடித்திருக்கும் இடம். கொழுப்புப் படலத்துக்குள் நிற்கிற ஊசியின் எண்ணையும் நம்பாதீர்கள்.

நடு எங்கே என்று தெரியவில்லையா? ஊசியை நடுவைத் தாண்டி உள்ளே விட்டு, எண்ணைப் பார்த்தபடி மிக மெல்ல வெளியே இழுங்கள். எண் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் திரும்பி ஏறத் தொடங்கும். திரும்பிய இடத்தின் எண்தான் உங்கள் எண். டிஜிட்டலில் இது அழகாகத் தெரியும்: 78, 75, 71, 69, அப்புறம் 72. அந்த 69 வந்த கோழி இன்னும் அடுப்பில் இருக்க வேண்டிய கோழி.

முள் மீற்றரா? அதன் உணரும் பகுதி நுனியில் மட்டும் இல்லை. நுனியிலிருந்து மேலே ஐந்தாறு சென்ரிமீற்றர் நீளத்துக்கு இருக்கிறது. பலவற்றில் அந்த எல்லையில் ஊசியில் ஒரு சின்னப் பள்ளம் அடையாளம் இருக்கும். அந்தப் பள்ளம் வரை இறைச்சிக்குள் இருந்தால்தான் எண் சரி. கோழி இறக்கை, மெல்லிய சாப்ஸ், இறைச்சிக் கட்லட் இவற்றுக்கு மேலிருந்து குத்தினால் பாதி ஊசி காற்றில் நிற்கும். பக்கவாட்டில் படுக்கையாகக் குத்துங்கள். அதுவும் முடியாத மெல்லிய துண்டுக்கு முள் மீற்றர் பயன்படாது, மெல்லிய நுனி டிஜிட்டல்தான் வேண்டும்.

மேலே கருகி, உள்ளே 20ஐத் தாண்டவில்லையா? நடுவில் ஐஸ் இருக்கிறது. நம் குளிரில் இது சர்வசாதாரணம். இரவில் சமையலறை மேசையில் வைத்துவிட்டால் காலையில் உருகியிருக்கும் என்று நினைப்பார்கள். நடு உருகாது, வெளிப்பக்கம் கெடவும் தொடங்கும். சமையலறை எவ்வளவு குளிர்ந்தாலும் அது பிரிட்ஜ் ஆகாது. 5 பாகைக்கும் 60க்கும் நடுவே கிருமி பெருகும். முதல் நாளே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

## அறிகுறி: எண் நம்பவே முடியாத அளவுக்குப் பெரிது

கோழிக்கு 165 காட்டினால் பதற வேண்டாம். அது ஃபாரன்ஹைட், 74 செல்சியஸும் அதுவும் ஒன்றுதான். பொத்தான் கைபட்டு மாறியிருக்கும். சில கருவிகளில் அந்தப் பொத்தான் பற்றரி மூடிக்குள் ஒளிந்திருக்கும். ஆட்டுக்கால் 145 என்றால் 63, அரைத்த இறைச்சி 160 என்றால் 71.

## அறிகுறி: மூடியிலுள்ள மீற்றர் 180, இறைச்சி இன்னும் பச்சை

பீப்பாயை வெட்டிச் செய்த அடுப்பிலும் கடையில் வாங்கிய அடுப்பிலும் மூடியில் ஒரு வட்ட மீற்றர் பதித்திருப்பார்கள். அது காட்டுவது மூடிக்கு அடியிலுள்ள காற்றின் சூடு. இறைச்சி கிடக்கிற கம்பித்தட்டின் சூடு அதிலிருந்து பல பாகை விலகி இருக்கலாம். இறைச்சிக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது.

- கரி ஒரு பக்கமும் மீற்றர் அதே பக்கமும் இருந்தால் எண் பொய்யாக ஏறும். மூடியைத் திருப்பிவைத்துப் பாருங்கள்.
- கம்பித்தட்டின் மேல், இறைச்சிக்கு ஒரு கையகலம் தள்ளி, தனி ஊசி ஒன்றை வையுங்கள். அந்த எண்ணை நம்புங்கள்.
- மூடி மீற்றரின் உள்பக்கத் தண்டில் கொழுப்பும் புகைக்கரியும் படிந்து தடித்திருந்தால் சுரண்டிக் கழுவுங்கள்.
- கவ்வாத்து மிலாறு (கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சி) எரிக்கிறவர்களுக்கு: அது படபடவென்று எரிந்து மூடியை உச்சத்துக்கு ஏற்றிவிட்டு உடனே தணிந்துவிடும். சிரட்டைக்கரி நின்று எரியும். எண் குதித்துக் குதித்து விழுந்தால் மீற்றரைத் திட்டாமல் விறகைப் பாருங்கள்.
- கேஸ் அடுப்பு, இரவு நேரம், எண் ஏறவே மாட்டேன் என்கிறது: குளிரில் சிலிண்டருக்குள் அழுத்தம் இறங்கும், சுவாலை சிறுத்துவிடும். சின்ன சிலிண்டரிலும் முடியப்போகிற சிலிண்டரிலும் இது அதிகம். காற்று படாத, ஆனால் திறந்த இடத்துக்கு மாற்றுங்கள். சிலிண்டருக்கு நெருப்புக் காட்டி சூடாக்க யாரும் சொன்னால் கேட்கவே வேண்டாம். கேஸ் வாசனை வந்தால், அல்லது ரெகுலேட்டர் சீறினால், அணைத்துவிட்டு கேஸ் முகவரைக் கூப்பிடுங்கள். இந்த இடத்தில் சொந்தமாக ஒன்றும் கழற்றக்கூடாது.

## அறிகுறி: பெரிய துண்டு, எண் 65–70இல் மணிக்கணக்காக நகரவில்லை

பன்றித் தோள் போன்ற பெரிய துண்டை மெல்லிய சூட்டில் வைத்தால் எல்லோருக்கும் நடப்பது. மேலே ஈரம் ஆவியாகி இறைச்சியைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். ஈரம் குறையும் வரை எண் நகராது. கருவி பழுது என்று ஊசியைப் பிடுங்கிப் பிடுங்கிக் குத்தினால் சாறுதான் வடியும்.

அவசரமென்றால்: அலுமினியத் தாளில் இறுகச் சுற்றி மறுபடி வையுங்கள். எண் ஏறத் தொடங்கும்.

காற்றடிக்கிற முற்றமென்றால்: அடுப்பைச் சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள், மூடியை அடிக்கடி திறக்காதீர்கள்.

சுற்றியும் 92, 93இல் மறுபடி நின்றுவிட்டதா? இதுதான் நுவரெலியாக்காரருக்கு மட்டும் வருகிற சிக்கல். பிய்த்தெடுக்கிற பன்றியிறைச்சிக்கு வெளிநாட்டுச் செய்முறைகள் 203 ஃபாரன்ஹைட், அதாவது 95 செல்சியஸ் வரை ஏற்றச் சொல்லும். இறைச்சிக்குள் இருப்பதும் தண்ணீர்தான். அது இங்கே 94இலேயே கொதித்துவிடும். அந்த 95க்காகக் காத்திருந்தால் இறைச்சி காய்ந்து நாராகும். 90 தாண்டியதும் எண்ணை விட்டுவிடுங்கள். ஒரு மெல்லிய கம்பியைக் குத்திப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் எடுக்கலாம். பண்டாரவளையில் ஒரு பாகை இடைவெளி மிச்சம், கண்டியில் இந்தத் தொல்லை இல்லை.

## அறிகுறி: 74 வந்தும் எலும்போரம் சிவப்பு

இளம் பிராய்லர் கோழியில், அதுவும் உறைய வைத்ததில், எலும்பு மச்சையின் நிறம் வெளியே கசிந்து சதை சிவந்திருக்கும். புகையில் வெந்த கோழியின் தோலுக்கடியிலும் ஓர் இளஞ்சிவப்பு வளையம் வரும். இரண்டு மூன்று இடங்களில் அளந்து எல்லாமே 74 தாண்டியிருந்தால் பயமில்லை. ஓர் இடத்தில் மட்டும் அளந்திருந்தால் மறுபடி அளந்துவிட்டுப் பரிமாறுங்கள். விருந்தாளிக்கு நிறத்தில் நம்பிக்கை இல்லாவிட்டால் அவர் தட்டிலுள்ளதை இன்னும் ஐந்து நிமிடம் வாட்டிக் கொடுப்பது வாதாடுவதைவிட நல்லது.

## அறிகுறி: திரை மங்கல், கோடுகள், எழுத்துகள், அல்லது ஒன்றுமேயில்லை

முதலில் பற்றரி. பேனா மாதிரியானவற்றில் எல்ஆர் 44 என்கிற சின்ன வட்ட பற்றரி, சிலவற்றில் சீஆர் 2032. மணிக்கூடு திருத்துகிற கடையில் கிடைக்கும். பழைய பற்றரியை எடுத்ததும் தொடுமிடங்களைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பஞ்சு சுற்றிய குச்சியில் வினாகிரி தொட்டுத் துடைத்து, காயவிட்டுப் புது பற்றரி போடுங்கள்.

அடுத்தது பனி. இரவெல்லாம் வெளியில் விட்ட கருவிக்குள் ஈரம் புகுந்திருக்கும். பற்றரியைக் கழற்றி, மூடியைத் திறந்தபடி, சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் ஒரு நாள் வையுங்கள். அடுப்பின் மேல் காட்டிக் காயவைத்தால் திரை உருகிவிடும். முள் மீற்றரின் கண்ணாடிக்குள் நீர்த்துளி நின்றால் அதன் சீல் போய்விட்டது. ஐஸ் சோதனையில் தேறினால் இருக்கிற வரை பாவியுங்கள், முள் ஒட்டிக்கொண்டால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

வயர் உள்ள ஊசியில் எழுத்துகளோ கோடுகளோ வந்தால்: ஊசியின் சொக்கட்டைப் பிடுங்கித் துடைத்து மறுபடி அழுத்திப் போடுங்கள். மாறவில்லையா, வேறு ஊசி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். வேறு ஊசியில் சரியானால் பழைய ஊசிதான் போய்விட்டது. அநேகமாகக் கழுவும்போது வயரும் ஊசியும் சேருகிற இடம் தண்ணீருக்குள் போயிருக்கும், அல்லது வயர் நேரே தணலில் கிடந்திருக்கும். ஊசியை மட்டும் துடையுங்கள், வயரை நனைக்காதீர்கள், மூடியின் விளிம்பில் நசுங்கவிடாதீர்கள். ஊசி தனியாகக் கிடைத்தால் வாங்குங்கள். கருவியே போயிருந்தால் போன் திருத்துகிற கடையில் ஒட்டுப் போட்டுத் தருவார்கள்தான், ஆனால் புது பேனா மீற்றரின் விலைக்கு மேல் கேட்டால் விட்டுவிடுங்கள்.

போனோடு இணைகிற கம்பியில்லா ஊசி விட்டுவிட்டுப் போனால்: இரும்பு மூடியும், பழைய பங்களாக்களின் கருங்கல் சுவரும் அலையை மறிக்கும். போனை அடுப்புப் பக்கமே வையுங்கள். அவ்வளவுதான்.

## அறிகுறி: துப்பாக்கி மாதிரி மீற்றர் ஏதேதோ காட்டுகிறது

கொரோனாக் காலத்தில் வாங்கிய நெற்றிக் காய்ச்சல் துப்பாக்கியை அடுப்பங்கரைக்குக் கொண்டுவருகிறார்கள். அது மனித உடம்பின் சூட்டுக்கானது. 43 பாகைக்குக் கிட்ட அதன் எல்லை முடிந்துவிடும். சமையல் துப்பாக்கி வேறு, அதுவும் மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். இரும்புத் தட்டு சூடாகிவிட்டதா என்று பார்க்கலாம், பளபளக்கிற எவர்சில்வரில் அதுவும் பிழைக்கும். இறைச்சி உள்ளே வெந்ததா என்று அதனால் சொல்ல முடியாது. காய்ச்சல் பார்க்கிற கண்ணாடி மீற்றரை இறைச்சியில் குத்துவதோ, ஐயோ, நினைக்கவே வேண்டாம்; உடைந்தால் உள்ளே பாதரசம்.

## மாற்றத்தான் வேண்டும் என்றால்

முதலில் ஒரேயொரு பேனா டிஜிட்டல் வாங்குங்கள். நுனி மெல்லியதாக இருக்கட்டும். எண் ஐந்து விநாடிக்குள் நின்றால் மிக நல்லது, பத்து வரை பொறுக்கலாம், அரை நிமிடம் எடுத்தால் மூடி திறந்தே கிடந்து அடுப்பு ஆறிவிடும். தண்ணீர் புகாது என்று எழுதியிருந்தால் நம் மூடுபனிக்கு நல்லது. பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிற 300 பாகை எல்லாம் இறைச்சிக்குத் தேவையில்லை. கோழிச் சப்பையும் சாப்ஸுமே போடுகிறவருக்கு இது போதும். முழு ஆட்டுத்தொடை, பன்றித் தோள் போடுகிறவர்தான் வயர் ஊசிக்குக் காசு கொடுக்க வேண்டும். மூடி மீற்றருக்காக விலை கூடிய அடுப்பை வாங்காதீர்கள். வாங்கிவந்த அன்றே ஐஸ் சோதனை செய்து, பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

## எப்போது வெளியாளிடம் போக வேண்டும்

வீட்டுப் பாவனைக்கு மீற்றரைச் சோதிக்க எங்கும் அனுப்பத் தேவையில்லை. சான்றிதழுக்கான செலவில் இரண்டு மூன்று புதிது வாங்கலாம். ஹோட்டல், கேட்டரிங், விருந்தினர் விடுதி நடத்துகிறவர்கள் விஷயம் வேறு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வெப்பப் பதிவேட்டைக் கேட்டால், சான்றிதழ் உள்ள ஒரு மீற்றரைக் கையில் வைத்திருப்பது நல்லது. அதற்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் இருக்கிறது. எல்லாவற்றையும் அனுப்ப வேண்டாம். ஒன்றை மட்டும் அனுப்பிச் சான்றிதழோடு அலுமாரியில் வைத்து, மற்றவற்றை மாதம் ஒரு முறை ஒரே ஐஸ் கிளாஸில் அதோடு சேர்த்து இறக்கி ஒப்பிடுங்கள். எழுதும்போது திகதி, மீற்றரின் அடையாளம், காட்டிய எண் மூன்றும் இருந்தால் போதும். பரிசோதகர் வேறென்ன எதிர்பார்க்கிறார் என்பதை உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்.